முதற் பாட்டு எது?
கிட்டாரும் புகைவண்டியும் கண்ட வரலாறு

இசைக்கு வயப்படாத உயிர் இல்லை என்பது முன்னோர் கண்ட உண்மை. ஆயினும் இசையை நுகர்தல் வேறு. இசையைப் பயிலுதல் வேறு. நுகர்வோன் வருவதைக் கேட்டு மகிழ்வான். தெரிவு செய்யும் தொல்லை அவனுக்கு இல்லை. பயில்வோனோ முதல் நாளிலேயே ஒரு வினாவின்முன் நிற்கிறான். 'எந்தப் பாட்டிலிருந்து தொடங்குவது?' என்பதே அவ்வினா.

நம் கருநாடக இசையில் இவ்வினாவுக்கு இடமே இல்லை. புரந்தரதாசர் வகுத்தது என்று வழிவழியாகப் போற்றப்படும் முறை நமக்கு உண்டு. மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, பின்னர் ஜண்டை வரிசை, அதன்பின் அலங்காரங்கள், பின்னர் மலஹரி இராகத்தில் சிறு கீதங்கள் என்று படிப்படியாக ஏறிச் செல்லும் பாதை அது. வாய்ப்பாட்டுப் பயிலும் சிறுமியும் வீணை பயிலும் நங்கையும் அப்பாதையிலேயே நடப்பர். ஆசிரியர் கூறுவார்; மாணவர் கேட்பர்.

கிட்டாருக்கு அத்தகைய ஒரே பாதை அமையவில்லை. ஸ்பெயின் நாட்டுப் பெர்னாண்டோ சோர் (1778–1839), இத்தாலிய நாட்டு மத்தேயோ கார்காசி (1792–1853) முதலிய மேதைகள் தொடக்க மாணவருக்கென்றே பயிற்சி நூல்கள் இயற்றினர் என்பது உண்மையே. அந்நூல்கள் இன்றும் செவ்விசை மாணவர்க்குப் பயன்படுகின்றன. ஆனால் உலகெங்கும் கிட்டாரைக் கையில் எடுத்தவருள் மிகப் பலர் அந்நூல்களைக் கண்ணால் கண்டதில்லை. காதால் கேட்ட பாட்டொன்றைப் பற்றிக்கொண்டு, தட்டுத் தடுமாறி, தாமே தம் விரல்களைப் பழக்கிக் கொண்டவர்களே அவர்கள்.

அவர்கள் பற்றிக்கொண்ட பாடல்கள் எவை, அவற்றை ஆக்கியோர் யாவர் என்று ஆராயப் புகுந்தால் வியப்பான செய்தி ஒன்று கிடைக்கிறது. அப்பாடல்களுள் கணிசமானவை புகைவண்டியைப் பற்றியவை. அவற்றுட் சில இருப்புப்பாதைத் தொழிலாளர்களே ஆக்கியவை. இருப்புப்பாதையின் ஊதியத்தில் உண்டு, அதன் ஓசையில் உறங்கி எழும் நம் காலனியினர் அறிந்து மகிழ வேண்டிய செய்தி இது. மாலை வேளைகளில் நம் குவார்ட்டர்ஸ் வரிசையில் நடந்து சென்றால், நாலு வீட்டுக்கு ஒரு வீட்டிலேனும் கிட்டார் ஒலி கேட்கும் இந்நாளில், அவ்வரலாற்றைச் சுருங்க எழுதுவது பொருத்தம் எனக் கருதுகிறேன்.

மூன்று சுரக்கூட்டுகள்

முதலில் ஓர் இசைச் செய்தியைத் தெளிவாக்கிக் கொள்வோம். கிட்டாருக்குத் தந்திகள் ஆறு. வீணையில் மெட்டுகள் இருப்பதுபோல் இதிலும் மெட்டுகள் உண்டு. ஆனால் வீணையில் ஒரு சமயம் ஒரு சுரத்தையே பேச வைக்கிறோம். கிட்டாரிலோ பல தந்திகளை ஒருங்கே மீட்டி, சுரங்களைக் கூட்டாக ஒலிக்கச் செய்கிறார்கள். இக்கூட்டை மேலையோர் 'கார்டு' என்பர்.

சட்சமத்தை அடியாகக் கொண்ட கூட்டு ச, க, ப என்னும் மூன்று சுரங்களால் ஆவது. மத்திமத்தை அடியாகக் கொண்டது ம, த, ச. பஞ்சமத்தை அடியாகக் கொண்டது ப, நி, ரி. இம்மூன்றையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். சங்கராபரணத்தின் ஏழு சுரங்களும் இவற்றுள் அடங்கிவிட்டன! ஆகவே, சங்கராபரணத்தை ஒத்த மேலைநாட்டு மேஜர் வரிசையில் அமைந்த எந்த எளிய மெட்டுக்கும் இம்மூன்று கூட்டுகளே துணை நிற்கப் போதுமானவை. பாடகன் எந்தச் சுரத்தில் நின்றாலும், அச்சுரத்தைத் தன்னுள் கொண்ட கூட்டு ஒன்று கையடியில் இருக்கும்.

கிட்டாரில் 'ஜி', 'சி', 'டி-ஏழு' என்னும் மூன்று கைந்நிலைகளைக் கற்றவன் நூற்றுக்கணக்கான நாட்டுப் பாடல்களுக்கு உரியவன் ஆகிவிடுகிறான். இரண்டே கூட்டுகளில் முடியும் பாடல்களும் உள. 1958-ஆம் ஆண்டில் கிங்ஸ்டன் டிரையோ என்னும் மூவர் குழு பாடிப் புகழ் பெற்ற 'டாம் டூலி' அத்தகையது. எழுத்தறிவும் ஆசிரியரும் இல்லாத ஏழைத் தொழிலாளி கிட்டாரை எவ்வாறு வசப்படுத்தினான் என்னும் புதிருக்கு விடை இவ்வெளிமையில்தான் இருக்கிறது.

தண்டவாளம் கொண்டுவந்த கருவி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நாட்டின் சிற்றூர்களுக்குக் கிட்டாரைக் கொண்டு சேர்த்ததே புகைவண்டிதான். சியர்ஸ் முதலிய பெரு வணிகர்கள் விலைப்பட்டியல் அச்சிட்டு ஊர்தோறும் அனுப்பினர். பட்டியலைப் பார்த்துப் பணம் அனுப்பினால், சில டாலர் விலையுள்ள கிட்டார் அடுத்த நிலையத்துக்கு வந்து இறங்கும். பியானோ வாங்க இயலாத வீட்டிலும் இவ்வாறு கிட்டார் புகுந்தது.

1903-ஆம் ஆண்டளவில் நிகழ்ந்ததாக டபிள்யூ. சி. ஹேண்டி என்னும் கறுப்பின இசைஞர் 1941-இல் வெளியான தம் வரலாற்று நூலில் ஒரு நிகழ்ச்சியைக் குறிக்கிறார். மிசிசிப்பி மாநிலத்தில் டட்வைலர் என்னும் சிறு நிலையம்; நெடுநேரம் தாமதமாகிவிட்ட வண்டிக்காக அவர் காத்திருந்து கண்ணயர்ந்தார். விழித்தபோது, கிழிந்த உடையணிந்த ஒருவன் அருகில் அமர்ந்து, கத்தியொன்றைத் தந்திகளின்மேல் அழுத்தி வழுக்கிக் கிட்டார் வாசித்துக் கொண்டிருந்தான். அவன் பாடியது இரண்டு இருப்புப்பாதைகள் குறுக்கிடும் இடத்தைப் பற்றி. அவன் பெயரை ஹேண்டி அறிந்திலர். 'புளூஸ்' என்று பின்னர் உலகம் போற்றிய இசைவகையை அவர் முதன்முதல் எதிர்ப்பட்ட இடங்களுள் ஒன்று, தாமதமான வண்டியின் பிளாட்பாரம்! தாமதத்துக்காக நம்மை ஏசும் பயணிகளுக்கு இதனை எடுத்துரைக்கலாம். அவர்கள் ஏற்பார்களா என்பது வேறு செய்தி.

இவ்விசையைக் கற்றவர்களுள் இருப்புப்பாதை ஊழியரே ஒருவர் தலைசிறந்து விளங்கினார். மிசிசிப்பியின் மெரிடியன் நகரைச் சார்ந்த ஜிம்மி ராட்ஜர்ஸ் (1897–1933) என்பாரே அவர். இளமையில் பாதை போடும் கறுப்பினத் தொழிலாளருக்குத் தண்ணீர் சுமந்து கொடுத்த பையன். அவர்கள் தண்டவாளத்தை நெம்பும்போது பாடிய பாட்டுகளே அவருடைய பாடசாலை. பின்னர் பிரேக்மேன் ஆனார். காசநோய் பற்றியதால் அவ்வேலையை விட நேர்ந்தது. 1927 ஆகஸ்டு மாதம் பிரிஸ்டல் நகரில் முதல் இசைத்தட்டுக்குப் பாடினார். அதன்பின் அவர் வாழ்ந்தது ஆறு ஆண்டுகளுக்கும் குறைவே. அதற்குள் 'பாடும் பிரேக்மேன்' என்னும் பெயர் நாடெங்கும் பரவிவிட்டது.

அதே பிரிஸ்டல் நகரில், அதே வாரத்தில் பாடிய மற்றொரு குழுவினர் கார்ட்டர் குடும்பத்தார். அவருள் மேபெல் கார்ட்டர் என்னும் பெண்மணி, கட்டை விரலால் கீழ்த்தந்திகளில் மெட்டை வாசித்துக்கொண்டே மற்ற விரலால் கார்டை வருடும் முறையால் புகழ் எய்தினார். பிற்காலத்தில் எண்ணற்ற தொடக்கக்காரர் அம்முறையைப் பின்பற்றினர். அவர்கள் பாடிய 'வபாஷ் கேனன்பால்' ஒரு கற்பனைப் புகைவண்டியின் புகழ். மூன்று கார்டுகளில் முடிவது. அக்குடும்பத்தார் ஊர் ஊராகச் சென்று பாட்டுத் தேடியபோது உடன் சென்று மெட்டுகளை நினைவில் தாங்கி வந்தவர் லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பின இளைஞர். மேபெல் அம்மையார் அவரிடம் கற்றதும் உண்டு. ஆயினும் இசைத்தட்டுகளில் அவர் பெயர் இல்லை.

கேசி ஜோன்ஸ்

புகைவண்டிப் பாடல்களுள் பெரும்புகழ் பெற்றது ஒரு விபத்தைப் பற்றியது. 1900-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் விடியற்கு முன், இல்லினாய் சென்ட்ரல் இருப்புப்பாதையில், மெம்பிஸ் நகரிலிருந்து கேன்டன் நோக்கி 382-ஆம் எண் எஞ்சினைச் செலுத்தி வந்தார் ஜான் லூதர் 'கேசி' ஜோன்ஸ். தம் முறை முடிந்தபின், நோயுற்ற மற்றொரு டிரைவருக்காக அவர் அப்பணியை ஏற்றிருந்தார். வண்டி ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தாமதித்துப் புறப்பட்டது. வழியெல்லாம் விரைந்து அத்தாமதத்தின் பெரும்பகுதியை ஈடு செய்துவிட்டார். வாகன் என்னும் சிறு நிலையத்தில் லூப் லைனில் முழுவதும் அடங்காத சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டிகள் மெயின் லைனில் நின்றன. வளைவு கடந்ததும் அது கண்ணில் பட்டது. ஃபயர்மேன் சிம் வெப்பைக் குதிக்கச் சொல்லிவிட்டுத் தாம் பிரேக்கை விடாது நின்றார் ஜோன்ஸ். மோதலில் இறந்தவர் அவர் ஒருவரே, பயணிகள் பிழைத்தனர்.

கம்பெனியின் விசாரணை அறிக்கை, கொடிகாட்டியவரின் சைகையை மதிக்கவில்லை என்று ஜோன்ஸ்மீதே குற்றம் சார்த்தியது. சிம் வெப் பின்னாளில் அதனை மறுத்தார். விசாரணைகளின் போக்கை அறிந்த நம்மவர்க்கு இது புதிதன்று.

இனி நாம் கவனிக்க வேண்டியது பாட்டு. கேன்டன் நகர் எஞ்சின் கொட்டகையில் எஞ்சின்களைத் துடைத்துத் தூய்மை செய்யும் வேலையில் இருந்தார் வாலஸ் சாண்டர்ஸ் என்னும் கறுப்பினத் தொழிலாளி. ஜோன்ஸிடம் அன்பு பூண்டவர். நண்பர் இறந்த துயரை வேலையினூடே பாட்டாக்கிப் பாடினார். கேட்டவர் வாயிலாக அது பாதை நெடுகப் பரவிற்று. 1909-இல் மேடைக் கலைஞர் இருவர் அதனைத் திருத்தித் தம் பெயரால் அச்சிட்டனர். அதனால் பொருள் ஈட்டினர். சாண்டர்ஸ் பாட்டைப் பதிவு செய்திருக்கவில்லை. அதன் வருவாயிலிருந்து அவர் அடைந்த பங்கு ஒன்றும் இல்லை. எஞ்சின் எண் வரை வரலாறு குறித்து வைத்திருக்கிறது. பாட்டு ஆக்கியவனுக்கு மட்டும் கணக்கு இல்லாமற் போயிற்று.

ராக் ஐலண்ட் லைன்

சிகாகோ, ராக் ஐலண்ட், பசிபிக் என்னும் நீண்ட பெயருடைய கம்பெனி 1852-இல் முதல் வண்டியை ஓட்டி, 1980-இல் தொழிலை நிறுத்திக்கொண்டது. கம்பெனி மறைந்தது, அதன் பெயரைத் தாங்கிய பாட்டு மறையவில்லை. ஆர்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் நகரில் இருந்த அக்கம்பெனியின் பட்டறைத் தொழிலாளரிடையே 1930-ஐ ஒட்டி இப்பாட்டு வழங்கியது என ஆராய்ந்தோர் கூறுவர். 1934-இல் நாட்டுப்பாடல் தொகுத்த ஜான் லோமாக்ஸ் என்பார், அம்மாநிலச் சிறைக் கைதிகள் பாடக் கேட்டு இதனைப் பதிவு செய்தார். அவருடன் உதவியாளராகச் சென்றிருந்த ஹடி லெட்பெட்டர் இதனைக் கற்றுக்கொண்டார். 'லெட் பெல்லி' என்று புகழ் பெற்றவரும், பன்னிரு தந்திக் கிட்டாரில் வல்லவருமான அவரே, கைதிகள் பாடிய பாட்டைக் கிட்டார் பாட்டாக மாற்றினார்.

லெட் பெல்லி இப்பாட்டுக்குமுன் ஒரு சிறு கதை சொல்வார். சரக்கு வண்டி ஒன்று நிலையத்தை நெருங்குகிறது. லூப் லைனில் ஒதுங்கிக் காத்திருக்க வேண்டிய நிலை. ஆனால் உயிருள்ள கால்நடைகளை ஏற்றிய வண்டிக்கு முன்னுரிமை உண்டு. டிரைவர் நிலையத்தாரிடம், 'என்னிடம் இருப்பவை மாடுகள், குதிரைகள், பன்றிகள், ஆடுகள்' என்று முழங்குகிறான், வழி கிடைக்கிறது. நிலையத்தைக் கடந்தபின், 'ஏமாற்றினேன், என்னிடம் இருப்பது வார்ப்பிரும்பு' என்று நகைக்கிறான்.

சரக்கு அலுவலகத்தில் பணி செய்யும் எனக்கு இக்கதையில் தனி இன்பம் உண்டு. சரக்கைப் பொய்யாக அறிவிப்பது நம் நாட்டில் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். அமெரிக்க டிரைவரோ அதனையே பாட்டாக்கிக் களிக்கிறான்! மற்றொன்றும் கூறவேண்டும். 1954-இல் இலண்டனில் இப்பாட்டைப் பதிவு செய்த லானி டொனேகன், கதையைச் சற்று மாற்றி, சுங்கவரி கேட்கும் வாயிற் காவலனை நுழைத்துவிட்டார். தண்டவாளத்தில் சுங்கச் சாவடி ஏது? வண்டிகளின் முன்பின் வரிசையை அறிந்த தொழிலாளியின் கதை, தொழிலறியாதவர் வாயில் புகுந்ததும் அதன் அச்சாணி கழன்றுவிட்டது. நகைச்சுவை மட்டும் எஞ்சிற்று.

ஆயினும் டொனேகன் செய்த தொண்டு சிறிதன்று. 1956-இல் அவருடைய இசைத்தட்டு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முன்னணியில் நின்றது. மலிவான கிட்டார், துணி துவைக்கும் தகரப் பலகை, தேயிலைப் பெட்டியில் கோலும் கயிறும் கட்டிய தாழ்சுரக் கருவி ஆகிய இவ்வளவே போதும் என்று கண்ட இளைஞர்கள் ஊர்தோறும் குழு அமைத்தனர். 'ஸ்கிஃபிள்' என்பது அவ்விசையின் பெயர். லிவர்பூல் நகரில் 1956-இல் ஜான் லெனன் என்னும் பள்ளி மாணவர் தொடங்கிய 'குவாரிமென்' குழு அவற்றுள் ஒன்று. 'ராக் ஐலண்ட் லைன்' அவர்கள் பாடிய பாடல்களுள் ஒன்று. அக்குழுவே வளர்ந்து பின்னர் 'பீட்டில்ஸ்' ஆயிற்று. ஆர்கன்சா பட்டறைத் தொழிலாளியின் பாட்டு, கடல் கடந்து, உலகை ஆண்ட இசைக்குழுவின் அரிச்சுவடி ஆனது.

எலிசபெத் காட்டன்

இவ்வரலாற்றில் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தவர் ஒரு பெண்மணி. வட கரோலினா மாநிலத்தில் இன்று கார்போரோ எனப்படும் ஊரில், இருப்புப்பாதைக்கு அருகில் 1893-இல் பிறந்த எலிசபெத் காட்டன். சிறு வயதிலேயே வீட்டு வேலை செய்து, கூலியைச் சேர்த்து, 3 டாலர் 75 சென்ட்டுக்கு ஒரு கிட்டார் வாங்கினார். அவர் இடக்கையர். கற்பிப்பார் இல்லாமையால் வலக்கையர்க்குரிய கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தார். மற்றவர் கட்டை விரலால் தாழ்சுரத்தையும் பிற விரல்களால் மெட்டையும் வாசிக்க, இவர் விரல்களால் தாழ்சுரத்தையும் கட்டை விரலால் மெட்டையும் வாசித்தார். அத்தாழ்சுரம் மாறி மாறி ஒலிப்பது, தண்டவாள இணைப்புகளின்மேல் சக்கரம் ஏறி இறங்கும் ஓசையை ஒத்தது.

பன்னிரண்டு வயதை ஒட்டிய பருவத்தில் அவர் ஆக்கிய பாட்டு 'ஃபிரெய்ட் டிரெயின்', அஃதாவது சரக்கு வண்டி. தன்னை இருப்புப்பாதை அருகிலேயே புதைக்க வேண்டும், வண்டி போகும் ஓசையைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அச்சிறுமியின் வேண்டுகோள். பாதையோரம் வளர்ந்த நம் காலனிப் பிள்ளைகளுக்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

திருமணம் ஆயிற்று. தேவாலயத்தார் உலகியற் பாட்டு வேண்டா என்றனர். கிட்டார் மூலையில் ஒதுங்கியது. பல ஆண்டுகள் வீட்டு வேலையிலும் கடை வேலையிலும் கழிந்தன. வாஷிங்டன் நகரில் ஒரு கடையில் பணி செய்தபோது, வழி தவறிய ஒரு சிறுமியைக் கண்டு தாயிடம் சேர்த்தார். அச்சிறுமி பெகி சீகர். தாய் ரூத் கிராஃபோர்டு சீகர் என்னும் புகழ்பெற்ற இசையாளர். அவர்கள் வீட்டில் எலிசபெத் அம்மையார் பணிப்பெண்ணாக அமர்ந்தார். சுவரில் தொங்கிய கிட்டாரை ஒரு நாள் எடுத்து வாசிக்க, வீட்டார் திகைத்தனர். நாற்பது ஆண்டு மறந்திருந்த விரல்கள் மீண்டும் வழி கண்டன.

பெகி சீகர் 1950-களில் இங்கிலாந்து சென்றபோது இப்பாட்டைப் பாடினார். கேட்டவர் இருவர் அதனைத் தம்முடையதாகவே பதிவு செய்துகொண்டனர். 1957-இல் சாஸ் மெக்டெவிட் குழுவும் நான்சி விஸ்கியும் பாடி அது பெரும் புகழ் பெற்றபோது, ஆக்கிய அம்மையார் வாஷிங்டனில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தார். பின்னர் சீகர் குடும்பத்தார் முயற்சியால் அவர் பெயரும் உரிமையும் நிலைநாட்டப்பட்டன. 1958-இல், அறுபது வயதைக் கடந்தபின், அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. தொண்ணூறு வயதைத் தாண்டியபின் கிராமி விருது வந்தது. 1987-இல் மறைந்தார். இன்று உலகெங்கும் விரல்மீட்டு முறையைக் கற்கத் தொடங்குவோர்க்கு ஆசிரியர் கொடுக்கும் பாடல்களுள் அச்சிறுமியின் பாட்டு இன்றியமையாத ஒன்று.

நம் நாட்டில்

நம் நாட்டுக்குக் கிட்டார் வந்த வரலாற்றிலும் தண்டவாளம் குறுக்கிடுகிறது. ஹவாய்த் தீவில் ஜோசப் கெக்குகு என்னும் சிறுவன் இருப்புப்பாதை ஓரமாக நடந்தபோது, கீழே கிடந்த இரும்பு ஆணியொன்றை எடுத்துத் தந்தியின்மேல் உரசினான். அதிலிருந்தே வழுக்கிசைக் கிட்டார் பிறந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. அந்த ஹவாய்க் கிட்டாரை நம் நாட்டில் வேரூன்றச் செய்தவர்களுள் முக்கியமானவர் 1940-களில் கல்கத்தாவில் தங்கியிருந்த டாவ் மோ. வங்காளிகள் அதனை இரவீந்திர சங்கீதத்துக்கு உரியதாக்கினர். கமகத்துக்கு இடந்தரும் கருவி ஆகையால் நம் இசை அதில் எளிதில் அமர்ந்தது. பிரிஜ் பூஷண் காப்ரா (1937–2018) அதில் இந்துஸ்தானி இராகங்களை வாசித்தார்.

மெட்டில் விரல் பதிக்கும் ஸ்பானியக் கிட்டாரோ, கரக்பூர், ஜமால்பூர் போன்ற இரயில்வே ஊர்களின் இன்ஸ்டிட்யூட்டுகளில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தாரின் நடன இரவுகளில் ஒலித்தது. டிரைவர்களும் கார்டுகளும் வேலை முடிந்து வந்து வாசித்த கருவி அது. அக்குடும்பங்களுட் பல பின்னாளில் கடல் கடந்து சென்றன.

தமிழருக்கும் மேலை மெட்டுக்கும் உள்ள உறவு அதனினும் பழையது. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) சென்னையை அடுத்த மணலியில் தங்கியிருந்த காலத்தில், புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர் பாண்டு வாத்தியம் வாசிக்கக் கேட்டு, அம்மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் இயற்றினார். 'நோட்டுச் சுரங்கள்' என்பன அவை. எல்லாம் சங்கராபரணத்தில் அமைந்தவை. இன்றும் சிறுவர்க்கே முதலிற் கற்பிக்கப்படுபவை. மேற்கூறிய மூன்று கார்டுகளைக் கொண்டே அவற்றுட் பலவற்றுக்குக் கிட்டாரில் துணை வாசிக்கலாம். நம் வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடைப்பது அரிது.

தொடங்குவோர் கருத வேண்டுவன

இவ்வரலாற்றிலிருந்து தொடக்கக்காரர் பெறத்தக்க படிப்பினைகள் சில.

முதலாவது, கூட்டுகள் குறைந்த பாட்டையே தேர்க. 1982-இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டின் முன்னிசையை முதல் நாளே வாசிக்க விரும்பாத தமிழ்ப் பிள்ளை இல்லை. அது தேர்ந்த விரல்களுக்கு உரியது. அதனை மூன்றாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்க. 'எஃப்' என்னும் கூட்டில் ஒரே விரலால் பல தந்திகளை அழுத்த வேண்டும். அதனை அடிக்கடி கேட்கும் பாட்டையும் முதல் மாதத்தில் ஒதுக்குக. 'ஃபிரெய்ட் டிரெயின்' பாட்டில் அக்கூட்டு வருதலால் அது இரண்டாம் படிக்கே உரியது.

இரண்டாவது, முன்பே காதில் ஊறிய மெட்டாக இருக்கட்டும். விரல் தவறும்போது செவி திருத்த வேண்டுமாயின், செவி அம்மெட்டை அறிந்திருத்தல் வேண்டும். பாட்டி பாடும் தாலாட்டு நாலைந்து சுரங்களுக்குள் அடங்குவது, காதில் ஊறியது. அதனினும் நல்ல பாடம் ஏது?

மூன்றாவது, காலப்பிரமாணம் தவறாத பாட்டாக இருக்கட்டும். கார்டு மாற்றும்போதெல்லாம் தாளம் நின்று நின்று போவது தொடக்கக்காரர் அனைவர்க்கும் உள்ள குறை. மெதுவாக ஓடினும் நில்லாது ஓடும் பாசஞ்சர் வண்டியை நினைவிற் கொள்க. புகைவண்டிப் பாடல்கள் தொடக்கக்காரர்க்கு உகந்தவையாய் அமைந்ததன் காரணமும் இதுவே. அவற்றின் தாளம் சக்கரத்தின் தாளம்.

நான்காவது, வாய்விட்டுப் பாடிக்கொண்டே வாசிக்கத் தக்கதாக இருக்கட்டும். விரல் நுனி வலிக்கும் முதல் மூன்று வாரங்களை வாய்ப்பாட்டின் துணையின்றிக் கடப்பது கடினம்.

ஐந்தாவதே எல்லாவற்றினும் தலையாயது. பாட்டை ஆக்கியோர் பெயரை அறிந்து கற்க. சரக்கு அலுவலகத்தில் அனுப்புநர் பெயரின்றி எந்தப் பொருளுக்கும் நாங்கள் ரயில்வே ரசீது எழுதுவதில்லை. வாலஸ் சாண்டர்ஸின் பாட்டும், எலிசபெத் காட்டனின் பாட்டும், லிட்டில் ராக் பட்டறையின் பாட்டும் அனுப்புநர் பெயர் அழிக்கப்பட்ட சரக்காகவே உலகைச் சுற்றின. அம்மையார் ஒருவருக்கு மட்டும் வாழ்நாளிலேயே கணக்கு நேராயிற்று. ஏனையோர்க்கு அதுவும் இல்லை. மேடையில் பாட ஏறும் பிள்ளை, 'இப்பாட்டை ஆக்கியவர் இன்னார்' என்று ஒரு சொல் கூறிவிட்டுத் தொடங்குவானாயின், அது அவர்களுக்குச் செலுத்தும் சிறு கடனாகும்.

இக்கடன் நம்மவர்க்கும் உரியது. இங்குள்ள பாதைகளில் கேங்மேன்களாகவும், பட்டறைகளில் கலாசிகளாகவும் உழைத்த நம் முன்னவர் தண்டவாளம் தூக்கும்போது பாடாமலா இருந்தனர்? அவர்தம் மனைவியர் குழாயடியிலும் கும்மியிலும் பாடிய பாட்டுகள் எத்தனை! அவற்றை நினைவில் வைத்திருக்கும் முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். கிட்டார் பயிலும் இளைஞர்கள் தத்தம் இல்லத்து முதியோரிடம் சென்று ஒரு பாட்டேனும் கேட்டு, பாடியவர் பெயருடன் எழுதிச் சங்கத்தில் சேர்ப்பாராக. அடுத்த ஆண்டு விழாவில் அவற்றுள் ஒன்றையேனும் மூன்று கார்டுகளின் துணையுடன் மேடையில் கேட்க நாம் அனைவரும் காத்திருப்போம்.

வாழ்க இசை! வளர்க நம் சங்கம்!